பீக்கரும் பேரமும்

ஆட்டத்தில் கி.மு. 900 வாக்கில் இருக்கிறேன். மற்ற எல்லாவற்றையும் ஒத்திப்போட்டு 16 டர்னாகப் படித்துவந்த ஆல்ஃபபெட், அதாவது நெடுங்கணக்கு, இந்த டர்னில்தான் கைக்கு வந்தது. உடனே மாலிப் பேரரசர் மான்சா மூசாவை அழைக்கிறேன். பேச்சுவார்த்தைத் திரையில் போன டர்ன்வரை இல்லாத ஒரு பட்டியல் தெரிகிறது: அவர் கற்று, நான் கற்காதவை. இரும்பு வேலை, கணிதம், முடியாட்சி என்று மூன்று பெயர்கள். முடியாட்சி மட்டும் சிவப்பில். அதைத் தர மாட்டார். என்னிடமிருந்து அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று, இந்த ஆல்ஃபபெட். அதைக் கொடுத்தால் கணிதம் இந்த நொடியே என்னுடையது. கொடுக்காவிட்டால் அதற்கு இன்னும் 13 டர்ன் உட்கார வேண்டும். மவுஸை அந்தப் பெயரின்மேல் நிறுத்திவிட்டு நான் யோசிக்கும் நேரத்தில் பக்கத்தில் வைத்த காபி ஆறிவிடும்.

இது சிவிலைசேஷன் 4. ஃபிராக்ஸிஸ் நிறுவனம் உருவாக்கியது, 2005இல் வெளிவந்தது. தலைமை வடிவமைப்பாளர் சோரன் ஜான்சன். நான் இங்கே பேசுவது 2007இல் வந்த ‘பியாண்ட் த ஸ்வோர்ட்’ விரிவாக்கத்தோடு சேர்ந்த ஆட்டத்தைப் பற்றி. சிட் மையரும் புரூஸ் ஷெல்லியும் 1991இல் தொடங்கிவைத்த வரிசையில் இது நான்காவது. கி.மு. 4000இல் ஒரு குடியேறிக் கூட்டத்தோடு தொடங்கி, ஒவ்வொருவரும் தத்தம் முறை, அதாவது டர்ன், வரும்போது நகர்த்தி, கி.பி. 2050வரை ஒரு நாகரிகத்தை நடத்திச் செல்ல வேண்டும். சக்கரத்திலிருந்து விண்கலம்வரை தொழில்நுட்பங்கள் ஒரு மரமாக விரிந்திருக்கும். ஒவ்வொன்றையும் அடைய இரண்டு முக்கிய வழிகள்: நாமே ஆராய்ந்து கண்டுபிடிக்கலாம், அல்லது கண்டுபிடித்தவரிடம் எதையாவது கொடுத்து வாங்கலாம். மூன்றாம் பாகத்தில் வாங்கல் விற்றல் ஆராய்ச்சியை விழுங்கிவிட்டது. ஐந்தாம் பாகத்தில் வாங்கல் விற்றலே கிடையாது. இரண்டும் ஒன்றையொன்று தாங்கிப்பிடித்தபடி நிற்பது இந்த நான்காம் பாகத்தில்தான். அதனால் ஒப்பிடுவதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

பல வருடங்களாக நான் கேட்டுவந்தது ஒரே கேள்வி: இரண்டில் எது மலிவு? அது தவறான கேள்வி. எதைக் கொடுத்து எதை வாங்குகிறோம் என்று பார்க்கத் தொடங்கிய பிறகுதான் ஆட்டம் எனக்குப் பிடிபட்டது.

முதலில் ஆராய்ச்சி. இந்த விளையாட்டில் ஆராய்ச்சியின் அளவு பீக்கர். ஆய்வுக்கூடத்துக் கண்ணாடிக் குவளைதான் அதன் சின்னம். ஒரு பீக்கர் எங்கிருந்து வருகிறது என்று பின்னோக்கிப் போனால் அது ஒரு குடிசையில் போய் முடியும். ஆற்றோரப் புல்வெளியில் வேலையாள் சில டர்ன் உழைத்து ஒரு குடிசை கட்டுகிறார். அது தரும் வணிக வருமானம் வெறும் 1. ஊரில் ஒருவர் போய் அந்த நிலத்தில் வேலை பார்த்தால் மட்டுமே அது வளரும். 10 டர்னில் அது குக்கிராமம், வருமானம் 2. மேலும் 20 டர்னில் கிராமம், 3. அதற்கு மேலும் 40 டர்னில் பேரூர், 4. மொத்தம் 70 டர்ன், ஒரு கட்டம் நிலம் முழுதாக விளைய. நடுவில் எதிரியின் குதிரைவீரன் ஒருவன் புகுந்து சூறையாடினால் பேரூர் ஒரு படி இறங்கிக் கிராமமாகிவிடும். வளர்த்தது 40 டர்ன், போனது ஒரே டர்ன்.

இப்படி வரும் வணிக வருமானத்தை எத்தனை சதவீதம் ஆராய்ச்சிக்கு, எத்தனை கஜானாவுக்கு என்று நாம்தான் பிரிக்கிறோம். ஆராய்ச்சிக்குப் போவதை நூலகம் 25 சதவீதம் பெருக்கும். பல்கலைக்கழகம் இன்னொரு 25. பெரும் விஞ்ஞானி ஒருவர் பிறந்து அகாடமி நிறுவினால் அந்த நகரில் 50. நூலகத்தில் இரண்டு பேரை விஞ்ஞானிகளாக அமர்த்தினால் ஆளுக்கு 3 பீக்கர். ஆனால் அந்த இரண்டு பேரும் வயலில் இறங்க மாட்டார்கள், சோறு குறையும், ஊர் வளர்வது நிற்கும். நூலகம் கட்டும் டர்ன்களில் கட்டாமல் போன வில்லாளிகள் எத்தனை பேர் என்று எந்தத் திரையும் காட்டாது. ஆராய்ச்சியின் உண்மை விலை இதுதான். தொழில்நுட்பத்தின் பெயருக்குப் பக்கத்தில் அச்சாகியிருக்கும் எண் அதில் ஒரு பகுதி மட்டுமே; மீதி, நாம் செய்யாமல் விட்டவற்றில் ஒளிந்திருக்கிறது.

இவ்வளவு மெதுவான வழிக்கு இருக்கும் ஒரே பெரிய பலம், யாருடைய தயவும் வேண்டாம் என்பது. பக்கத்து நாட்டு அரசர் முகம் சுளித்தாலும் சரி, மற்ற எல்லோரும் சேர்ந்து ஒதுக்கினாலும் சரி, பீக்கர் வந்துகொண்டே இருக்கும். இன்னொன்றும் உண்டு. நாம் சந்தித்த நாகரிகங்களில் எத்தனை பேருக்கு ஒரு தொழில்நுட்பம் ஏற்கெனவே தெரியுமோ, அத்தனைக்கு நம் ஆராய்ச்சி வேகம் கூடும். எல்லோருக்கும் தெரிந்ததென்றால் 30 சதவீதம்வரை. ஊரெல்லாம் பேசும் சேதி நம் காதிலும் விழும் என்ற உலக நடப்பை ஒரு கணக்காக்கிச் சேர்த்திருக்கிறார்கள். யாரோடும் பேரம் பேசாதவருக்கும் இந்தக் கசிவு கிடைக்கும், அவர்களைச் சந்தித்திருந்தால் போதும்.

இனி பேரம். இதன் கவர்ச்சி எங்கே இருக்கிறது என்பதைச் சின்னக் கணக்கில் பார்க்கலாம். ஆல்ஃபபெட்டின் அடிப்படை விலை 300 பீக்கர். கணிதம் 250. இரும்பு வேலை 200. என்னிடம் மட்டும் ஆல்ஃபபெட் இருக்கிறது. அதை ஒருவருக்குக் கொடுத்துக் கணிதம் வாங்குகிறேன்; இன்னொருவருக்குக் கொடுத்து இரும்பு வேலை வாங்குகிறேன். செலவழித்தது 300, கையில் இருப்பது 750. கொடுத்த பொருள் என்னை விட்டுப் போகவும் இல்லை. மாட்டை விற்றால் மாடு போகும். அறிவை விற்றால் விற்றவரிடமும் இருக்கும், வாங்கியவரிடமும் இருக்கும். இந்த வகைப் பேரம் இனிப்பதன் ரகசியம் அதுதான்.

அதன் ஆபத்தும் அதுவேதான். நான் 250 பெற்றபோது எதிரில் இருந்தவர் 300 பெற்றார். எங்கள் இருவருக்குள் மட்டும் பார்த்தால் நான் 50 இழந்தேன். பிறகு லாபம் எங்கே? மேசைக்கு வராத மூன்றாமவரிடம். ஏழு பேர் ஆடும் ஆட்டத்தில் நான் ஐந்து பேரோடு தனித்தனியே மாற்றினால் எனக்கு ஐந்து புதியவை, அவர்களுக்கு ஆளுக்கு ஒன்று, ஆறாமவருக்கு ஒன்றுமில்லை. பேரத்தில் நாம் முந்துவது பேரம் பேசியவரை விட அதிகம் பேசாதவரைத்தான். அதனால் எத்தனை பேரை, எவ்வளவு சீக்கிரம் சந்தித்தோம் என்பதே பேரக்காரரின் முதலீடு. தனித்தீவில் தொடங்கியவருக்கு இந்த வழி அநேகமாக மூடியே கிடக்கும். அவர் குடிசைகளைத்தான் நம்ப வேண்டும்.

ஆல்ஃபபெட்டுக்கு மட்டும் இன்னொரு தனிக் குணம் உண்டு. இருவரில் ஒருவருக்கு அது தெரிந்தால்தான் அவர்களுக்கிடையே தொழில்நுட்பப் பரிமாற்றம் நடக்கும். ஒருவருக்குத் தெரிந்தால் போதும். அப்படியானால், அது எனக்கு மட்டும் தெரிந்த வரைக்கும் உலகத்தின் எல்லாப் பரிமாற்றமும் என் வாசல் வழியாகத்தான் போக வேண்டும். மான்சா மூசாவுக்கு அதைக் கொடுத்த கணமே அவரும் ஒரு வாசல். அடுத்த டர்னில் அவர் போய்க் கணிதத்தை என் எதிரிக்கே விற்கலாம். ஆல்ஃபபெட்டைக் கொடுப்பவர் ஒரு சரக்கை விற்கவில்லை, சந்தையையே திறந்துவிடுகிறார். காபி ஆறுவது இதை யோசித்துத்தான்.

கணக்கு இத்தோடு முடிந்திருந்தால் இந்த ஆட்டம் சலித்துப்போயிருக்கும். சோரன் ஜான்சன் குழுவினர் பேரத்தின் கழுத்தில் மூன்று கயிறுகள் கட்டியிருக்கிறார்கள். அவற்றில் முதல் இரண்டும் எங்கும் எண்களாகத் தெரியாது. சிவப்புப் பெயரின்மேல் மவுஸை வைத்தால் ஒரு வாக்கியம் வரும், அவ்வளவுதான்.

முதல் வாக்கியம், இதை இப்போதைக்கு யாருக்கும் தருவதாக இல்லை என்பது. நாம் அறிந்தவர்களில் போதுமான பேருக்குத் தெரியாத ஒன்றைப் பெரும்பாலான தலைவர்கள் கைவிட மாட்டார்கள். எத்தனை பேருக்குத் தெரிந்த பிறகு தருவார் என்பது ஆளுக்கு ஆள் மாறும். தனியுடைமை என்பது ஒரு சொத்து என்று கணினிக்கும் தெரிந்திருக்கிறது. வெனிஸ் அரசு 1291இல் கண்ணாடிச் சூளைகளை முரானோத் தீவுக்கு மாற்ற உத்தரவிட்டது. தீ விபத்து அச்சம் ஒரு காரணம். ஆனால் ஒரே தீவில் குடியேறிய தொழில் வித்தையைக் காப்பதும் எளிதாகிப்போனது. தன்னிடம் மட்டும் உள்ளதை அரசுகள் எப்படிப் பொத்திவைத்தன என்பதற்கு வரலாற்றில் சான்றுகளுக்குப் பஞ்சமில்லை.

இரண்டாவது, நீங்கள் அளவுக்கு மீறி முன்னேறிவிடுவீர்களோ என்று அஞ்சுகிறோம் என்பது. இதுதான் பேரக்காரரின் பெரிய எதிரி. நாம் யாரிடமிருந்து எந்தத் தொழில்நுட்பம் வாங்கினாலும், நம்மை அறிந்த ஒவ்வொரு தலைவரும் மனதுக்குள் ஒரு கோடு போட்டுக்கொள்கிறார். சின்னதோ பெரியதோ, கோடு ஒன்றுதான். மீன்பிடித்தலை வாங்கினாலும் ஒரு கோடு, பல்கலைக்கல்வியை வாங்கினாலும் ஒரு கோடு. அவரவர் பொறுமையின் எல்லையைத் தாண்டினால் கதவைச் சாத்திவிடுவார்கள். நட்பின் உச்ச நிலையில் இருப்பவர் மட்டும் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை. புதிதாக ஆடுபவர்கள் செய்யும் பிழை இங்கேதான். ஆல்ஃபபெட் வந்த மகிழ்ச்சியில் வில்வித்தை, மீன்பிடித்தல், மண்பாண்டம் என்று மூன்று நாலு டர்னில் தாமே கற்றிருக்கக்கூடிய சில்லறைகளை அள்ளிவிடுவார்கள். பின்னால் விலையுயர்ந்தவை வேண்டும்போது எல்லா முகமும் சிவப்பாக இருக்கும். சின்னதை உழைத்துப் பெறு, பெரியதைப் பேரத்தில் பெறு என்ற விதி இதிலிருந்து பிறந்தது. எனக்கு அது புரிய இரண்டு வருடம் ஆனது.

மூன்றாவது கயிறு பகை. ஒருவரின் பரம எதிரியோடு நாம் மாற்றிக்கொண்டால் அவர் மனதில் அது பதிந்துவிடும். ஐந்து படி உறவுநிலையில் நாம் கீழே சரிவோம். பேரம் பேசுபவர் நடுநிலையாக இருக்க முடியாது. நான் ஒருமுறை கிழக்கு அண்டை நாட்டுக்குக் கட்டுமானம் என்ற தொழில்நுட்பத்தைக் கொடுத்து நல்ல விலை பெற்றேன். கட்டுமானம் தெரிந்தால் கவண்பொறி வரும், தந்தம் இருந்தால் போர்யானைக்கும் வழி பிறக்கும். அந்த நாட்டில் தந்தம் இருந்தது. வரைபடத்தில் அந்த யானைச் சின்னம் என் கண்ணெதிரேதான் இருந்தது. விலையைப் பார்த்த நான் அதைப் பார்க்கவில்லை. ஏறத்தாழ 20 டர்ன் கழித்து எல்லையில் வந்து நின்ற படையில் முதல் வரிசை முழுக்க யானைகள். இரண்டு நகரங்கள் போயின. விற்ற சரக்கு விற்றவன் வீட்டுக்கே ஆயுதமாகத் திரும்பிவரும் சாத்தியம் எந்த ஆராய்ச்சியிலும் இல்லை.

இரண்டு வழிகளுக்கும் உருவம் கொடுத்தாற்போல் இரண்டு தலைவர்கள் இந்த விளையாட்டிலேயே இருக்கிறார்கள். ஒருவர் மான்சா மூசா, மற்றவர் ஜப்பானின் டோகுகாவா. மான்சா மூசா பெரிய நட்பு இல்லாவிட்டாலும் மாற்றிக்கொள்வார். மற்றவர்கள் பொத்திவைக்கும் காலத்திலேயே புதியதைக் கொடுப்பார். டோகுகாவா நேர் எதிர். மனம் நன்றாக இளகும்வரை எல்லையைத் திறக்க மாட்டார், அறிவைப் பகிர மாட்டார். நான் ஆடிய ஆட்டங்களில் இருவரும் ஒரே உலகில் இருந்தால் கி.பி. 1500 வாக்கில் நிலைமை அநேகமாக ஒன்றுதான்: மாலி துப்பாக்கியோடு நிற்கும், ஜப்பான் வாளோடு நிற்கும். பேரம் வென்றது, தனித்து உழைத்தல் தோற்றது என்று தீர்ப்பெழுதத் தோன்றும்.

அவசரப்படக் கூடாது. மான்சா மூசாவுக்கு இந்த விளையாட்டு கொடுத்திருக்கும் குணங்களில் ஒன்று நிதித்திறன். குறைந்தது 2 வணிக வருமானம் தரும் கட்டங்களில் அவருக்கு 1 கூடக் கிடைக்கும். அதாவது குடிசைகளிலிருந்து அவருக்கு இயல்பாகவே பீக்கர் அதிகம். டோகுகாவாவின் குணங்கள் இரண்டும் போர் சார்ந்தவை. ஆராய்ச்சிக்கு அவற்றால் பயன் இல்லை. தொழில்நுட்பப் பரிமாற்றத்தையே நிறுத்திவைத்து ஆடிப் பார்த்தேன். மாலி அப்போதும் முன்வரிசையில்தான் இருந்தது, இடைவெளிதான் பாதியாகக் குறைந்தது. மான்சா மூசா பேரத்தால் மட்டும் முன்னேறவில்லை. கொடுக்க அவரிடம் எப்போதும் புதிதாக ஏதோ இருந்தது, அது அவர் உழைத்துச் சேர்த்தது. டோகுகாவா கடைசியில் மனம் மாறிப் பேச வரும்போது அவர் கையில் பிறருக்கு வேண்டியது எதுவும் இருக்காது. அந்தப் பரிதாபமான காட்சியைப் பலமுறை பார்த்திருக்கிறேன். நம்மிடம் வாங்க ஆசைப்படுவார், தருவதற்கு ஒன்றும் இல்லாமல் நிற்பார்.

வரலாற்று டோகுகாவா இயேயாசுவுக்கு இந்த விளையாட்டு அநியாயம் செய்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். அவர் காலத்தில் ஜப்பானியக் கப்பல்கள் அரசின் சிவப்பு முத்திரை அனுமதியோடு தென்கிழக்கு ஆசியத் துறைமுகங்களுக்குப் போய்வந்தன. நாட்டை இறுக்கிப் பூட்டியது 1630களில் அவருடைய பேரன் இயேமிட்சு. அந்தப் பூட்டிலும் ஒரு துவாரம் இருந்தது. நாகசாகியில் தெஜிமா என்ற சிறு செயற்கைத் தீவில் டச்சுக்காரர்கள் 1641 முதல் வியாபாரம் செய்தார்கள்; அந்த வழியாக வந்த டச்சு உடற்கூற்று நூல் ஒன்றை சுகிதா கென்பாக்குவும் அவர் நண்பர்களும் மொழிபெயர்த்து 1774இல் வெளியிட்டார்கள். வந்ததை வாங்கி வைத்துக்கொள்ளாமல், சொல் சொல்லாக மல்லுக்கட்டிப் புரிந்துகொண்டார்கள். அது பேரமா, ஆராய்ச்சியா? விளையாட்டில் இப்படியொரு இடைப்பட்ட வழி இல்லாதது எனக்குக் குறையாகவே படுகிறது. அங்கே வாங்கிய கணத்திலேயே எல்லாம் புரிந்துவிடுகிறது.

சரி, தேர்ந்த ஆட்டக்காரர்கள் என்ன செய்கிறார்கள்? அவர்களுடைய வழியை ஒரே சொல்லில் சொல்வதென்றால் ஈஸ்தெட்டிக்ஸ். அழகியல். கணினி ஆடும் தலைவர்கள் இதை ஆரம்ப காலத்தில் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. இரும்பு வேலை, முடியாட்சி போன்றவற்றின் பின்னால் ஓடுவார்கள். இதன் அடிப்படை விலையும் ஆல்ஃபபெட்டைப் போல 300தான். நாம் இதைப் பிடித்துவைத்துக்கொண்டால் வெகுநேரம் நம்மிடம் மட்டுமே இருக்கும். அதற்குள் யாராவது ஒருவர் ஆல்ஃபபெட்டைக் கண்டுபிடித்துச் சந்தையைத் திறந்துவிடுவார். அவரிடமே ஈஸ்தெட்டிக்ஸைக் கொடுத்து ஆல்ஃபபெட்டை வாங்கலாம். பிறகு அடுத்தவரிடம் இரும்பு வேலை, அதற்கடுத்தவரிடம் முடியாட்சி. எல்லோரும் போகும் பாதையில் நாமும் போனால் நம் பீக்கருக்குச் சந்தையில் மதிப்பில்லை. போகாத பாதையில் போனால் அதே பீக்கர் மூன்று மடங்கு பேசும்.

இங்கேதான் இரண்டு வழிகளும் எதிரெதிர் என்ற எண்ணம் உடைகிறது. பேரத்தின் சரக்கு ஆராய்ச்சியிலிருந்துதான் வருகிறது. ஆராய்ச்சியின் திசையைப் பேரம் தீர்மானிக்கிறது. நாணயம் என்ற தொழில்நுட்பம் கைக்கு வந்ததும் தங்கத்துக்கும் விற்கலாம். அப்போது பழைய தொழில்நுட்பம் ஒன்றைப் பின்தங்கிய நாட்டுக்கு 90 தங்கத்துக்கு விற்று, அந்தத் தங்கம் தீரும்வரை வரி வசூலை நிறுத்தி வருமானம் முழுவதையும் ஆராய்ச்சிக்குத் திருப்பலாம். விற்றது பழசு, வளர்ந்தது புதுசு. நான் இந்த விளையாட்டில் மிகவும் ரசிக்கும் நகர்வு இதுதான். பேரமே பீக்கராக மாறுகிறது.

விற்கவே கூடாத நேரமும் உண்டு. லிபரலிசம் என்று ஒன்று இருக்கிறது, தாராளச் சிந்தனை. உலகில் முதலில் அதை அடைபவருக்கு இன்னொரு தொழில்நுட்பம் இலவசம். இதன் அடிப்படை விலை 1400. இதற்குப் படியாக இருக்கும் பல்கலைக்கல்வியின் விலை அதைவிட அதிகம், 1800. அதனால் பல்கலைக்கல்வியை முதலில் முடித்தவர் அநேகமாகப் பந்தயத்தை வென்ற மாதிரி. அந்த நேரத்தில் ஆறு தலைவர்களும் மாறி மாறி வந்து கேட்பார்கள். ஒருவர் பொறியியலையும் நிலமானிய முறையையும் சேர்த்தே நீட்டுவார். பார்த்தால் கொள்ளை லாபம். பல்கலைக்கல்வியைக் கொடுத்தால் அவர் பத்துப் பன்னிரண்டு டர்னில் லிபரலிசத்தைத் தட்டிக்கொண்டு போய்விடலாம். விதைநெல்லை நல்ல விலை வருகிறதே என்று விற்பதுபோல. பொறுத்திருந்து, லிபரலிசத்தையும் அதோடு வரும் இலவசத்தையும் வாங்கிய பிறகு அதே டர்னில் பல்கலைக்கல்வியை ஆறு பேருக்கும் விற்க வேண்டும். சரக்கு அதேதான், பத்து டர்ன் முன்னால் விற்றால் நஷ்டம், பின்னால் விற்றால் லாபம். ஆராய்ச்சியில் காலம் என்பது காத்திருத்தல். பேரத்தில் காலம்தான் விலை.

எளிய நிலைகளில் ஆடுபவருக்கு இந்தக் கவலை எல்லாம் வேண்டாம். கணினியும் நாமும் சமமாக ஆடும் நோபிள் நிலைவரை வெறும் ஆராய்ச்சியிலேயே முந்திவிடலாம். மொத்தமுள்ள ஒன்பது நிலைகளில் மேலே போகப் போகக் கணினிக்குச் சலுகைகள் கூடும். தொடக்கத்திலேயே சில தொழில்நுட்பங்கள் அதன் கையில் இருக்கும். உச்சமான டெய்ட்டி நிலையில் பேரம் இல்லாமல் கரையேறுவது மிகக் கடினம்.

இடைத்தரகு பற்றிச் சொல்ல வேண்டும். இந்த ஒப்பீட்டில் எனக்கு ஆழமான கருத்து உள்ள இடம் அது. வாங்கியதை அப்படியே அடுத்தவருக்கு விற்கலாமா? ஆட்டம் வழக்கமாக அனுமதிக்கிறது. கணிதத்தை ஒருவரிடம் வாங்கி, அதே டர்னில் இன்னொருவருக்குக் கொடுத்து இரும்பு வேலை வாங்கி, அதைக் கொண்டுபோய் மூன்றாமவரிடம் முடியாட்சி வாங்கலாம். ஒரு சொந்தக் கண்டுபிடிப்பு, மூன்று கை மாறி நான்காகிறது. 2001இல் வந்த மூன்றாம் பாகத்தில் இது உச்சத்துக்குப் போனது. ஒவ்வொரு டர்னும் ஒவ்வொரு தலைவரையும் அழைத்து யாரிடம் என்ன புதிதாக வந்திருக்கிறது என்று பார்த்து, வாங்கி விற்று, வாங்கி விற்று... ஆட்டமே தரகுக் கடையாகிவிட்டது. நூலகம் கட்டியவரை விட அதிகம் தொலைபேசியவர் வென்றார்.

‘பியாண்ட் த ஸ்வோர்ட்’ இதற்கு ஒரு மாற்றைத் தந்தது. ஆட்டத்தைத் தொடங்கும் முன் விருப்ப அமைப்புகளில் தொழில்நுட்பத் தரகு கூடாது என்று ஒரு கட்டம் இருக்கும். அதைத் தேர்ந்தால் நாமே ஆராய்ந்து கண்டதை மட்டும்தான் பிறருக்குத் தரலாம். வாங்கியதை விற்க முடியாது. பார்க்கச் சிறிய மாற்றம். ஆனால் அதைத் தேர்ந்த ஆட்டத்தில் ஒவ்வொரு பீக்கருக்கும் கனம் கூடுகிறது. எதை ஆராய்வது என்ற முடிவு, எதிர்காலத்தில் எதை விற்க முடியும் என்ற முடிவாகவும் ஆகிறது. கணினித் தலைவர்களும் இதே விதிக்குக் கட்டுப்படுவதால் நாம் ஒருவருக்குக் கொடுத்தது ஒரே இரவில் ஆறு பேருக்குப் பரவுவதில்லை. ஆல்ஃபபெட்டை மான்சா மூசாவுக்குக் கொடுத்தால் அது அவரோடு நிற்கும்.

பின்வந்தவை வேறு வழி போயின. ஜான் ஷேஃபர் வடிவமைத்த ஐந்தாம் பாகம் 2010இல் பரிமாற்றத்தை முழுக்க எடுத்துவிட்டு ஆராய்ச்சி ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தது. இருவரும் தங்கம் போட்டு, அமைதி குலையாமல் குறித்த காலம் காத்திருந்தால் இருவருக்கும் ஆராய்ச்சியில் பலன். கூட்டுச் சீட்டுப் போடுவது போன்றது அது. இதைக் கொடுத்து அதை வாங்கலாமா என்ற துடிப்பு அதில் இல்லை. 2016இல் வந்த ஆறாம் பாகம் யுரேகா என்ற முறையைச் சேர்த்தது. குறிப்பிட்ட ஒரு செயலைச் செய்தால் அதற்குரிய தொழில்நுட்பத்தின் ஒரு பகுதி தானே கிடைக்கும். கடலோரத்தில் நகரம் அமைத்தால் கப்பலோட்டம் ஓரளவு புரியும். செய்து கற்றல் என்ற அழகான எண்ணம் அது, அதை மதிக்கிறேன். ஆனாலும் இரண்டிலும் எதிரில் இருப்பவருக்கு என்ன தேவை, அவர் எதை அஞ்சுகிறார், எப்போது மனம் மாறுவார் என்று அவர் மனதுக்குள் புகுந்து யோசிக்க வேண்டிய அவசியம் போய்விட்டது. நான்காம் பாகத்தை இன்னும் நான் விடாமல் ஆடுவதற்குக் காரணம் அந்த அவசியம்தான்.

என் தீர்ப்பு இது. பரிமாற்றத்தை முழுதாக நிறுத்தி ஆடினால் ஆளுக்கொரு சுவருக்குள் குடிசை வளர்ப்பதோடு ஆட்டம் முடிந்துவிடும். தரகோடு ஆடினால் உழைத்தவர் தோற்று, அலைந்தவர் வெல்வார். பரிமாற்றம் இருக்க வேண்டும், தரகு இருக்கக் கூடாது. அடுத்த முறை சிவிலைசேஷன் 4ஐத் திறக்கும்போது விருப்ப அமைப்புகளுக்குப் போய் அந்த ஒரு கட்டத்தைத் தேர்ந்துவிட்டு ஒரு முழு ஆட்டம் ஆடிப் பாருங்கள். ஈஸ்தெட்டிக்ஸில் தொடங்குங்கள்.